பயோகேஸில் சவ்வுத் தொழில்நுட்பம்: செரிகலன் முதல் தூய மீத்தேன் வரை முழுமையான வழிகாட்டி

செரிகலனிலிருந்து (கழிவு காற்றில்லாமல் செரிக்கும் தொட்டி) வரும் பயோகேஸில் மீத்தேன் 50 முதல் 70 சதவீதம்தான் இருக்கும். மீதியில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. அதோடு நீராவி, ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்சம் அம்மோனியா, சில இடங்களில் சிலாக்சேன் என்கிற சிலிக்கான் சேர்மங்கள். அடுப்பெரிக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் இந்தக் கலவையே போதும். வாகனத்தில் நிரப்பவோ, சிலிண்டரில் அடைக்கவோ, எரிவாயுக் குழாயில் செலுத்தவோ வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தே ஆக வேண்டும். அப்படிப் பிரிக்கும் வழிகளில் சவ்வு, அதாவது கார்பன் டை ஆக்சைடை வேகமாகக் கடக்கவிட்டு மீத்தேனைப் பின்தங்க வைக்கும் மெல்லிய பாலிமர்ப் படலம் (மெம்பிரேன்), இன்று முன்வரிசையில் இருக்கிறது. அதற்கு ரசாயனக் கரைசல் வேண்டாம், கொதிகலன் வேண்டாம், இடமும் அதிகம் கேட்காது. ஸ்விட்ச் போட்ட சில நிமிடங்களில் தூய வாயு தரத் தொடங்கும்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் எந்த மாட்யூல் (சவ்வு அடைத்த குழாய்), எந்தப் பொருள் என்ற கேள்வியிலேயே நிறைய நேரம் செலவிடுகிறார்கள். ஆனால் ஓர் ஆலை பத்து வருடம் ஓடுமா, ஒரே வருடத்தில் படுத்துவிடுமா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சவ்வுக்கு முன்னால் வாயுவை எவ்வளவு சுத்தம் செய்கிறோம் என்பதும், சவ்வின் இரு பக்கமும் என்ன அழுத்தம் வைக்கிறோம் என்பதும். இங்கே அந்த இரண்டையும்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதல் படி: வாயுவை அளந்து பார்ப்பது

வடிவமைப்புத் தாளில் இருக்கும் "60 சதவீத மீத்தேன்" என்ற எண்ணை நம்பி ஆலை கட்டக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் செரிகலன் இருந்தால் சில வாரங்கள் தொடர்ந்து அளக்க வேண்டும். மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் சல்பைடு, வெப்பநிலை, ஓட்ட அளவு எல்லாமே வேண்டும். சராசரியைக் காட்டிலும் உச்ச அளவுதான் முக்கியம். புரதம் அதிகமுள்ள கழிவு ஒரு லோடு வந்து விழுந்தாலே ஹைட்ரஜன் சல்பைடு சில நூறு பிபிஎம்மிலிருந்து (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சில ஆயிரத்துக்கு ஏறிவிடலாம்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது நைட்ரஜன். கந்தகத்தைக் குறைக்க செரிகலனுக்குள் கொஞ்சம் காற்று செலுத்துவது பரவலான பழக்கம். மலிவான, நல்ல முறைதான். ஆனால் சவ்வு வைக்கப்போகிறோம் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. 100 கன மீட்டர் பயோகேஸுக்கு 4 கன மீட்டர் காற்று செலுத்தினால் அதில் 3 கன மீட்டருக்கு மேல் நைட்ரஜன். சவ்வைக் கடக்கும் வேகத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய மீத்தேனைப் போலத்தான். எனவே அது மீத்தேனோடு சேர்ந்தே வெளியே வரும். 60 கன மீட்டர் மீத்தேனோடு இந்த 3.2 கன மீட்டர் நைட்ரஜன் சேர்ந்தால், கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் எடுத்துவிட்டால்கூட மீத்தேன் 95 சதவீதத்தைத் தாண்டாது. அதற்குமேல் எவ்வளவு விலை உயர்ந்த சவ்வு வாங்கினாலும் பயன் இல்லை. குப்பைமேட்டு வாயுவிலும் இதே சிக்கல்தான். அங்கே நைட்ரஜனைத் தனியாகப் பிரிக்கும் ஏற்பாடு இல்லாமல் சவ்வை மட்டும் நம்பக் கூடாது.

வாயு எதற்குப் போகிறது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். உங்கள் எரிபொருள் தரநிலை 90 சதவீதம் கேட்கிறதா, 97 கேட்கிறதா என்பதைப் பொறுத்து சவ்வின் பரப்பும் மின்செலவும் வெகுவாக மாறும். வெறும் வெப்பம்தான் தேவை என்றால் மேம்படுத்தவே வேண்டாம். கந்தகத்தையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு அப்படியே எரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாம் படி: உற்பத்தியிலேயே சவ்வு தேவையா என்று பார்ப்பது

சவ்வு என்றதும் வாயுவைப் பிரிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. செரிகலனுக்குள்ளும் அதற்கு வேலை உண்டு. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. நீர்த்த கழிவுநீரை வேகமாகச் செலுத்தினால் அவை தண்ணீரோடு அடித்துச் செல்லப்பட்டுவிடும். செரிகலனோடு ஒரு நுண்வடிகட்டிச் சவ்வை இணைத்தால் தண்ணீர் மட்டும் வெளியேறும், நுண்ணுயிர்கள் உள்ளேயே தங்கும். தண்ணீர் சில மணி நேரமே தங்கினாலும் நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் இருக்கும். இதுதான் காற்றில்லாச் சவ்வு உயிர்க்கலன். இதில் பயன்படும் சவ்வுகளின் துளை பொதுவாக 0.03 முதல் 0.4 மைக்ரான் வரை இருக்கும். பிவிடிஎஃப் போன்ற பாலிமரிலோ பீங்கானிலோ செய்யப்பட்டிருக்கும்.

இது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதில் தெளிவு வேண்டும். கெட்டியான சாணக் குழம்புக்கு இது வேண்டாம். சவ்வு அடைத்துக்கொள்ளும், லாபமும் இல்லை. பால், சாராயம், உணவுத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் மாதிரி கரைந்த கரிமப்பொருள் நிறைய, திடப்பொருள் குறைவு என்றால் அருமையாகப் பொருந்தும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 1,000 கன மீட்டர் கழிவுநீர், கன மீட்டருக்கு 5 கிலோ சிஓடி (கழிவிலுள்ள கரிமப்பொருளை ஆக்சிஜன் தேவையாக அளக்கும் எண்), அதில் 90 சதவீதம் சிதைகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ சிஓடி சிதைந்தால் அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன். ஆக நாளுக்கு சுமார் 1,575 கன மீட்டர் வரை கிடைக்கும். நுண்ணுயிர்களின் வளர்ச்சிக்குப் போவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். சவ்வின் ஒவ்வொரு சதுர மீட்டரும் மணிக்கு 5 முதல் 15 லிட்டர் நீரை விடும் என்பது இந்த வகைக் கலன்களில் வழக்கமான அளவு. 10 லிட்டர் என்று எடுத்தால் 4,000 சதுர மீட்டருக்கு மேல் சவ்வு தேவை. இந்த எண்ணைப் பேராசையோடு 20, 25 என்று வைத்துப் பரப்பைக் குறைத்தால் சவ்வு அடைபடும் வேகமும் அதற்கேற்பக் கூடும். தாராளமான பரப்பை வாங்கி நிதானமாக ஓட்டுவதே மேல் என்பது என் கருத்து.

அடைப்பைத் தள்ளிப்போட, மூழ்கிய சவ்வுகளுக்கு அடியில் பயோகேஸையே குமிழிகளாக விடுவார்கள். சில நிமிடம் வடிகட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி ஓய்வு கொடுக்கும் சுழற்சியும் உதவும். சவ்வின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைத் தினமும் பதிவு செய்யுங்கள். அது படிப்படியாக ஏறுவது இயல்பு. திடீரென ஏறினால் வடிகட்டும் வேகத்தை உடனே குறைக்க வேண்டும். கரிமப் படிவுக்கு சோடியம் ஹைப்போகுளோரைட், தாது உப்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம் என்பது வழக்கமான கழுவல் முறை. இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு வெளிவரும். ஒன்றை நன்றாக அலசி வெளியேற்றிய பிறகே மற்றது.

வெளியேறும் நீரில் கரைந்து போகும் மீத்தேனையும் மறக்க வேண்டாம். ஒரு கன மீட்டர் நீர் சுமார் 15 கிராம் மீத்தேனைக் கொண்டுபோகும். மேலே சொன்ன ஆலையில் இது நாளுக்கு 21 கன மீட்டர், உற்பத்தியில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. ஆனால் கன மீட்டருக்கு அரை கிலோ சிஓடி மட்டுமே உள்ள நகரக் கழிவுநீராக இருந்தால் மொத்த உற்பத்தியே 157 கன மீட்டர்தான். அதில் 21 போனால் எட்டில் ஒரு பங்கு இழப்பு. நீர் குளிராக இருந்தால் இன்னும் அதிகம். அங்கே நீரிலிருந்து மீத்தேனை உறிஞ்சும் இழைச்சவ்வு ஒன்றை வெற்றிடப் பம்போடு சேர்த்து வைப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

செரிகலனின் மேல் கூடாரம் மாதிரி நிற்கும் இரட்டைப் படலமும் ஒருவகையில் சவ்வுதான். உள்படலம் வாயுவைத் தேக்கும், வெளிப்படலம் ஊதுவிசிறியின் காற்றால் விறைத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்து வெளியேறும் காற்றில் மீத்தேன் இருக்கிறதா என்று அவ்வப்போது அளந்தால் உள்படலத்தில் கசிவு உண்டா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: சவ்வுக்கு முன் வாயுவைச் சுத்தம் செய்வது

இந்தப் படியில் பணத்தை மிச்சம் பிடிப்பவர் பிறகு மாட்யூல் மாற்றுவதில் அதைப் பலமடங்காகக் கொடுப்பார். பிரிக்கும் சவ்வின் வேலை செய்யும் அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். அதன்மேல் எண்ணெய்த் துளியோ, நீர்த்துளியோ, கரித்தூளோ படிந்தால் பெரும்பாலும் மீட்க முடியாது.

கந்தகத்தை இரண்டு கட்டமாக எடுப்பதுதான் சிக்கனம். முதலில் செரிகலனுக்குள்ளேயே இரும்பு உப்பைச் சேர்த்து, அல்லது உயிரியல் வடிகட்டி வைத்து, ஆயிரக்கணக்கான பிபிஎம்மை நூற்றுக்கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மீதியை ஆக்டிவேட்டட் கார்பன் எடுக்கும். கார்பனை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? மணிக்கு 100 கன மீட்டர் வாயுவில் 500 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு என்றால் நாளுக்கு சுமார் 1.8 கிலோ. கார்பன் தன் எடையில் 20 சதவீதம் பிடிக்கும் என்று கொண்டால் நாளுக்கு 9 கிலோ கார்பன் தீரும். இதையே 50 பிபிஎம்முக்குக் கொண்டுவந்துவிட்டால் அது ஒரு கிலோவுக்கும் கீழே.

கார்பன் தொட்டிகளை இரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். முதல் தொட்டிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கந்தக அளவு எட்டிப்பார்த்தால் முதலாவதை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவரலாம். பொட்டாசியம் அயோடைடு ஏற்றிய கார்பனுக்கு வேலை செய்யக் கொஞ்சம் ஆக்சிஜனும் கொஞ்சம் ஈரப்பதமும் தேவை. ஆகவே வாயுவை எலும்பு மாதிரி உலர்த்திவிட்டு அதற்குள் அனுப்புவதும் தவறு, சொட்டச் சொட்ட அனுப்புவதும் தவறு. குளிர்வித்து நீரை வடித்து, பிறகு சில டிகிரி சூடேற்றி, ஒப்பு ஈரப்பதம் பாதிக்குச் சற்று மேலே இருக்கும்படி அனுப்புவது நல்லது. தேவையான ஆக்சிஜனுக்குக் காற்றைச் செலுத்தாமல் தூய ஆக்சிஜனைச் சிறிதளவு செலுத்தினால், முன்பு சொன்ன நைட்ரஜன் தொல்லை இருக்காது.

பழத்தோல், உணவுக்கழிவு அதிகம் சேர்ந்தால் லிமோனீன் போன்ற டெர்பீன்கள் வரும். கழிவுநீர்ச் சேற்றிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் சிலாக்சேன் வரும். இவற்றுக்கு வேறு வகைக் கார்பன் அடுக்கு தனியாக வேண்டும். அம்மோனியா குளிர்விக்கும்போது வடியும் நீரிலேயே பெரும்பாலும் கரைந்து போய்விடும். கார்பன் தொட்டிக்குப் பின்னால் தூசி வடிகட்டியை மறக்கவே கூடாது.

அப்புறம் கம்பிரஸர். எண்ணெய் இடும் ஸ்க்ரூ கம்பிரஸர்தான் பரவலாகப் பயன்படுகிறது. அதன் பின்னால் வாயுவைத் திரும்பக் குளிர்வித்து, 0.01 மைக்ரான் அளவுக்கு எண்ணெய் மூடுபனியைப் பிடிக்கும் கோலெஸ்சிங் ஃபில்டர் (நுண்துளிகளை ஒன்றுசேர்த்து வடிக்கும் வடிகட்டி) வைத்து, அதற்கடுத்து எண்ணெய் ஆவியைப் பிடிக்க ஒரு சிறு கார்பன் அடுக்கும் வைக்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது பனிநிலையும் (நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஏறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குறைந்த அழுத்தத்தில் உலர்ந்ததாகத் தெரிந்த வாயு 10 பாரில் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு) நீர்த்துளி விடும். எனவே அழுத்தத்துக்குப் பிறகு 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, நீரை வடித்து, பிறகு பனிநிலையைவிடக் குறைந்தது 10 டிகிரி மேலே சூடேற்றித்தான் சவ்வுக்குள் விட வேண்டும். கம்பிரஸர் வெளிவிடும் வெப்பத்தையே இந்தச் சூடேற்றலுக்கும் செரிகலனைக் கதகதப்பாக வைப்பதற்கும் பயன்படுத்தலாம்.

நான்காம் படி: சவ்வைத் தேர்ந்தெடுப்பது

இந்தச் சவ்வில் சல்லடை மாதிரி துளை கிடையாது. வாயு மூலக்கூறு பாலிமருக்குள் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியேறுகிறது. 1866-லேயே தாமஸ் கிரஹாம் ரப்பர் படலத்தை வைத்து இதை விளக்கினார். கார்பன் டை ஆக்சைடின் இயக்க விட்டம் 3.3 ஆங்ஸ்ட்ராம், மீத்தேனுடையது 3.8. கார்பன் டை ஆக்சைடு சிறியது, பாலிமரில் நன்றாகவும் கரையும். இரண்டு காரணங்களும் சேர்ந்து அது பலமடங்கு வேகமாகக் கடக்கிறது. நீராவி அதைவிட வேகம். மீத்தேன் பின்தங்கி, அழுத்தம் குறையாமல் அதே பக்கத்தில் வெளிவருகிறது. உற்பத்தி வாயு அழுத்தத்தோடேயே கிடைப்பது சவ்வு முறையின் பெரிய அனுகூலம்.

தொழிலுக்கு உதவும் அளவு வேகம் கிடைத்தது, சிட்னி லோப், சௌரிராஜன் இருவரும் கடல்நீரைக் குடிநீராக்க 1960 வாக்கில் உருவாக்கிய வடிவத்தால்தான்: மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே அதைத் தாங்கும் நுண்துளை அடுக்கு. இன்றைய வாயுச் சவ்வுகளும் அதே வழியில்தான் செய்யப்படுகின்றன.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு எண்கள்: எவ்வளவு வேகமாக விடுகிறது, எவ்வளவு தேர்ந்து விடுகிறது (தேர்வுத்திறன்). ஒன்று கூடினால் மற்றது குறையும். 1991-ல் லாயிட் ராப்சன் இந்த எல்லையை ஒரு கோடாக வரைந்து காட்டினார், 2008-ல் திருத்தி மேலே நகர்த்தினார். சிலிக்கோன் ரப்பர் வாயுவை அள்ளி விடும், ஆனால் கார்பன் டை ஆக்சைடை மீத்தேனைவிட மூன்று மடங்கு வேகமாகத்தான் விடும். நம் வேலைக்கு ஆகாது. பாலிசல்ஃபோன் இருபதைச் சற்றுத் தாண்டும், செல்லுலோஸ் அசிடேட் முப்பது வாக்கில். பாலிஇமைடு இன்னும் மேலே. பயோகேஸுக்கென்றே வரும் இழை மாட்யூல்களில் பாலிஇமைடு முன்னணியில் இருப்பதற்கு இதுவே காரணம்.

வடிவத்தில், நடுவில் துளையுள்ள மெல்லிய இழைகளை ஆயிரக்கணக்கில் கட்டிக் குழாய்க்குள் அடைத்ததுதான் பெரும்பாலும் கிடைக்கும். சின்ன இடத்தில் பெரிய பரப்பு. சுருள் வடிவமும் உண்டு, அது அழுக்கைக் கொஞ்சம் தாங்கும், இடம் கூடக் கேட்கும். தயாரிப்பாளர் தரும் தேர்வுத்திறன் எண் தனி வாயுவில் அளந்ததா, கலவையில் அளந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். கலவையில் கார்பன் டை ஆக்சைடு பாலிமரை இளக்குவதால் எண் குறைந்துதான் இருக்கும்.

ஐந்தாம் படி: அழுத்தக் கணக்கு

இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான். சவ்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கார்பன் டை ஆக்சைடு கடப்பதற்குக் காரணம் அதன் பகுதி அழுத்த (மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) வித்தியாசம் மட்டுமே. உள்ளே 11 பார் தனி அழுத்தம் (வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு அளந்தது) வைத்து, வெளியே 1 பார் என்று கொள்வோம். நுழைவாயிலில் கார்பன் டை ஆக்சைடு 40 சதவீதம், அதாவது 4.4 பார். நல்ல உந்துதல். மாட்யூலின் கடைசியில் அது 2 சதவீதமாகக் குறைந்திருக்கும், அதாவது 0.22 பார். மறுபக்கம் மொத்தமே 1 பார். ஆக அந்த இடத்தில் ஊடுருவும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு 22 சதவீதத்துக்கு மேல் இருக்கவே முடியாது. மீதி 78 சதவீதமும் மீத்தேன். சவ்வின் தேர்வுத்திறன் 50 ஆனாலும் 500 ஆனாலும் இந்த வரம்பை மீற முடியாது. நிர்ணயிப்பது அழுத்த விகிதம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். கடைசிச் சில சதவீதக் கார்பன் டை ஆக்சைடை எடுக்கத்தான் பரப்பும் மீத்தேனும் அதிகம் செலவாகின்றன. 90-லிருந்து 97-க்குப் போவது, 60-லிருந்து 90-க்குப் போவதைவிடக் கடினம். அடுத்து, ஒரே கட்டத்தில் தூய்மையும் மீட்பும் சேர்ந்து கிடைக்காது. அதனால்தான் பல கட்டங்கள்.

நடைமுறையில் 8 முதல் 16 பார் வரை ஓட்டுகிறார்கள். அதற்கு மேலே போனால் மின்செலவு ஏறும், பாலிமர் இளகும் பிரச்சினையும் தலைதூக்கும். ஊடுருவும் பக்கத்தில் லேசான வெற்றிடம் வைத்தும் விகிதத்தைக் கூட்டலாம். வெளியே 1 பாரை 0.5 ஆக்கினால், உள்ளே 11-ஐ 22 ஆக்கியதற்குச் சமமான விகிதம் கிடைக்கும்.

ஆறாம் படி: எத்தனை கட்டம்

மணிக்கு 100 கன மீட்டர் உலர்ந்த பயோகேஸ், 60 சதவீத மீத்தேன், இலக்கு 97 சதவீதம். ஒரே கட்டத்தில் 90 சதவீத மீத்தேனை மீட்டால் 54 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும், உற்பத்தி வாயு 55.7 கன மீட்டர். கழிவு வாயு 44.3 கன மீட்டர், அதில் 6 கன மீட்டர் மீத்தேன், அதாவது 13.5 சதவீதம். இதைக் காற்றில் விடுவது பெருங்குற்றம் என்றே நான் நினைக்கிறேன். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு புவியைச் சூடாக்கும். இந்த அமைப்பு நியாயமாவது, அந்தக் கழிவு வாயுவைக் கொதிகலனிலோ ஜெனரேட்டரிலோ மூல பயோகேஸோடு கலந்து எரிக்க வழி இருந்தால் மட்டும்தான்.

மூன்று கட்ட அமைப்பில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்கலாம். 99 என்று வைத்தால் உற்பத்தி 61.2 கன மீட்டர், கழிவு 38.8 கன மீட்டர், அதில் மீத்தேன் ஒன்றரை சதவீதம்தான். ஓட்டம் இப்படி: முதல் கட்டத்தில் தங்கிய வாயு இரண்டாம் கட்டத்துக்குப் போய் இறுதித் தூய்மை பெறுகிறது. முதல் கட்டத்தில் ஊடுருவிய வாயுவைச் சில பார் அழுத்தத்தில் பிடித்துவைத்து மூன்றாம் கட்டத்துக்கு அனுப்புகிறோம். அங்கே ஊடுருவுவதுதான் கழிவாக வெளியேறும். மூன்றாம் கட்டத்தில் தங்கியதும் இரண்டாம் கட்டத்தில் ஊடுருவியதும் கம்பிரஸரின் வாய்க்குத் திரும்புகின்றன. ஒரே கம்பிரஸர் போதும், ஆனால் திரும்பி வரும் வாயுவையும் சுமக்கிற அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். மூல வாயுவுக்கு மட்டும் கணக்கிட்டு கம்பிரஸர் வாங்கினால் ஆலை ஒருநாளும் முழுத் திறனில் ஓடாது.

மின்செலவு ஒரு கன மீட்டர் மூல வாயுவுக்கு 0.2 முதல் 0.3 யூனிட் வரை ஆகும். நம் எடுத்துக்காட்டில் 20 முதல் 30 கிலோவாட். 60 கன மீட்டர் மீத்தேனில் சுமார் 600 யூனிட் ஆற்றல் இருப்பதோடு ஒப்பிட்டால் இது 3 முதல் 5 சதவீதம்.

ஏழாம் படி: ஆலையைத் தொடங்குவது

முதலில் குழாய்களில் உள்ள காற்றை நைட்ரஜனால் விரட்ட வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். பிறகு சுத்திகரிப்புப் பகுதியை மட்டும் ஓட்டி, சவ்வைத் தவிர்த்து வாயுவைத் திருப்பிவிடுங்கள். கந்தகம், பனிநிலை, எண்ணெய் மூன்றும் வரம்புக்குள் வந்த பிறகே மாட்யூலின் வால்வைத் திறக்கலாம். அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள், இறக்கும்போதும் மெதுவாக. ஊடுருவும் பக்கத்தின் அழுத்தம் எந்த நேரத்திலும் உள்பக்கத்தைவிடக் கூடிவிடக் கூடாது. மெல்லிய தோல் உரிந்துவிடும். தரம் வரும்வரை உற்பத்தி வாயுவை செரிகலனின் வாயுத் தேக்கத்துக்கோ எரிவிளக்குக்கோ (உபரி வாயுவை எரித்து அழிக்கும் ஃபிளேர்) திருப்பிவிடலாம்.

நிறுத்தும்போது உள்ளே ஈரமான வாயுவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உலர்ந்த உற்பத்தி வாயுவாலோ நைட்ரஜனாலோ அலசிவிட்டு மூடுங்கள்.

ஆட்களின் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மூக்கு உணர்விழந்துவிடும், வாசனை போய்விட்டதே என்று நினைத்தால் ஆபத்து தொடங்கிவிட்டது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே ஆள் விழலாம். மீத்தேன் மேலே கூரையில் சேரும், கார்பன் டை ஆக்சைடு கீழே குழியில் சேரும். ஆகவே உணர்கருவிகள் இரண்டு இடத்திலும் வேண்டும். குழிக்குள் விழுந்தவரைக் காப்பாற்றச் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

எட்டாம் படி: தினசரி ஓட்டமும் பழுது அறிதலும்

உற்பத்தி வாயுவின் அழுத்த வால்வு, கம்பிரஸரின் வேகம், வாயுவின் வெப்பநிலை ஆகிய மூன்றும்தான் உங்கள் கைப்பிடிகள். அழுத்தம் கூட்டினால் தூய்மை கூடும், ஊடுருவி வெளியே போகும் மீத்தேனும் கூடும். வெப்பநிலை கூட்டினால் வேகம் கூடும், தேர்வுத்திறன் குறையும். கோடையில் திடீரென்று கழிவு வாயுவில் மீத்தேன் ஏறினால் சவ்வைச் சந்தேகிக்கும் முன் வெப்பநிலையைப் பாருங்கள்.

பழுதைக் கண்டுபிடிக்க, மீத்தேன் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உற்பத்தி வாயுவில் மீத்தேன் குறைந்து கார்பன் டை ஆக்சைடும் 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா? அப்படியானால் சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது, எங்கோ காற்று புகுகிறது. கம்பிரஸரின் உறிஞ்சும் பக்கக் குழாயையும், செரிகலனுக்குக் காற்று செலுத்தும் பம்பையும் பாருங்கள். மீத்தேன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு ஏறினால் ஓட்டம் கூடியிருக்கும், அழுத்தம் குறைந்திருக்கும், அல்லது சவ்வின் வேகம் மங்கியிருக்கும்.

எல்லா மாட்யூலும் சேர்ந்து மெல்ல மங்கினால் அது பாலிமரின் வயது. சுத்தமான வாயு கொடுத்தால் 5 முதல் 10 ஆண்டு வரை உழைக்கும். எல்லாமே சில வாரத்தில் மங்கினால் எண்ணெய் அல்லது நீர் உள்ளே போயிருக்கிறது. கோலெஸ்சிங் ஃபில்டரின் வடிகால் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும். கழிவு வாயுவில் மீத்தேன் படீரென ஏறினால் ஏதோ ஒரு மாட்யூலில் இழை அறுந்திருக்கலாம். ஒவ்வொன்றாக மூடி, மூடும்போது எது மூடப்பட்டால் மீத்தேன் இறங்குகிறது என்று பார்த்தால் அது பிடிபடும். இதற்காகவே ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி வால்வும் தனி மாதிரி எடுக்கும் முனையும் வைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கழிவு வாயுவில் மிச்சமிருக்கும் ஒன்றரை சதவீத மீத்தேன் தானாக எரியாது. வெப்பத்தைச் சேமித்து வைத்து ஆக்சிஜனேற்றும் அடுப்பில்தான் அதை அழிக்க முடியும். சிறிய ஆலைக்கு அது கட்டுப்படியாகாது என்றால் கட்டங்களின் எண்ணிக்கையிலும் சவ்வின் தேர்வுத்திறனிலும் முதலீட்டைக் கூட்டி இழப்பை அரை சதவீதத்துக்குக் கொண்டுவர முயல வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 98 சதவீதத்துக்கு மேல் இருக்கும் அந்த ஓட்டத்தைக் குளிர்வித்துத் திரவமாக்கினால், கார்பன் டை ஆக்சைடு விற்பனைப் பொருளாகும். அப்போது திரவமாகாமல் பிரியும் மீத்தேனையும் கம்பிரஸரின் வாய்க்கே திருப்பி அனுப்பிவிடலாம். இடமும் வாங்குபவரும் இருந்தால் முதல் வரைபடத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கி வையுங்கள்.